வழிவழி வந்த விசுவாசம்

1542ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து புனித சவேரியார், உரோமையில் இருந்த தம் தலைவர் இஞ்ஞாசியாருக்கு ஒரு மடல் வரைந்தார். முத்துக்குளித்துறைக்கு அவர் வந்து சில நாள்களே ஆகியிருந்தன. வழியில் கண்ட ஊர்களில் மக்களிடம் அவர் கேட்டது ஒன்றே: கிறிஸ்தவர்களான பிறகு முன்னைவிட எதனை அதிகமாக நம்புகிறீர்கள்? தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அம்மக்களால் எதுவும் சொல்ல இயலவில்லை. போர்த்துக்கீசியர் மொழி தங்களுக்குத் தெரியாது, ஆகவே எதை நம்பவேண்டும் என்பதும் தெரியாது என்றார்கள். 1535 முதல் 1537 வரை அக்கடற்கரையில் பரதவர் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். நீர் ஊற்றப்பட்டது, பெயர் சூட்டப்பட்டது, குருக்கள் திரும்பிச் சென்றனர். அதற்குப் பின் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர்களுக்குப் போதிப்பார் இல்லை.

தமிழகத்தில் கத்தோலிக்க விசுவாசம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்ற வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் பெரிய பெயர்களிலேயே நின்றுவிடுகின்றனர். சவேரியார், தே நோபிலி, அருளானந்தர், வீரமாமுனிவர் என்று மணிகளைக் கோப்பது எளிது. மணிகளுக்கு இடையே ஓடும் நூலைக் காண்பது அரிது. ஒரு குருவின் மறைவுக்கும் அடுத்த குருவின் வருகைக்கும் இடையே பத்து, இருபது, சில இடங்களில் முப்பது ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைவெளியில் பிறந்த குழந்தைக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்தது யார்? இக்கட்டுரை தேடிச் செல்வது அவரைத்தான்.

சவேரியாரிடமே திரும்புவோம். முதலில் அவரைப் பிடித்துக்கொண்டவர்கள் சிறுவர்கள். செபங்களைக் கற்றுக்கொடுக்கும்வரை தம்மைச் செபிக்கவோ உண்ணவோ உறங்கவோ அவர்கள் விடவில்லை என்று அதே மடலில் எழுதுகிறார். பின்னர் இரு மொழியும் ஓரளவு அறிந்த உள்ளூர் மக்களின் துணைகொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் செபங்களையும் தமிழாக்கி, மனனம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருக்களில் நடந்தார். ஒரு நாளைக்கு இருமுறை சிறுவர்களைக் கூட்டினார். இங்கே கற்றதை வீட்டில் தாய் தந்தைக்கும், வேலையாள்களுக்கும், அண்டை வீட்டாருக்கும் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பினார். நோயுற்றோர் இல்லங்களுக்குத் தம்மால் போக முடியாதபோது செபமாலையைக் கொடுத்துச் சிறுவர்களையே அனுப்பினார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட மடல் இவற்றையெல்லாம் விரித்துரைக்கிறது.

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு என்பதே விசுவாசம் செல்லும் இயல்பான வழி என நாம் கருதுகிறோம். புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகையில் பாட்டி லோயி, தாய் யூனிக்கி எனும் இருவரையும் பெயர் சொல்லி நினைவூட்டுவதும் அந்த வழியைத்தான். முத்துக்குளித்துறையிலோ ஆறு எதிர்த்திசையில் பாய்ந்தது. பிள்ளைகள் போதகர்களாயினர், பெற்றோர் மாணாக்கராயினர்.

இதில் நமக்கு உவப்பில்லாத ஒரு பகுதியும் உண்டு. மறைத்துவிடுவதில் பயனில்லை. பழைய வழிபாட்டுக்குத் திரும்பிய பெற்றோரைப் பற்றிச் சிறுவர்கள் தம்மிடம் வந்து சொன்னதையும், அவ்வீடுகளுக்குச் சென்று சிறுவர்கள் உருவங்களை உடைத்து மிதித்ததையும் சவேரியார் மகிழ்வோடு எழுதுகிறார். அவர் காலத்து ஐரோப்பியக் குருவுக்கு அது வெற்றியாகத் தோன்றியது. 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. அதன்பின் வாழும் நாம் அதை வெற்றி என்று சொல்ல இயலாது. தந்தையைக் காட்டிக்கொடுக்கும்படி மகனைப் பழக்கிய நம்பிக்கை அந்த வீட்டுக்குள் எத்தகைய காயத்தை உண்டாக்கியிருக்கும்! மடலில் அந்தத் தந்தையின் குரல் இல்லை.

அதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு செய்தி மனத்தைக் கவர்வது. முதல் மொழிபெயர்ப்பில் 'விசுவசிக்கிறேன்' என வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று அமைந்துவிட்டது. 1544இல் சவேரியாரே இதைக் கண்டறிந்து, உடன் பணியாற்றிய பிரான்சிசு மான்சிலாசுக்கு மடல் எழுதித் திருத்தச் சொல்கிறார். 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிக்கும், நம்பிக்கையைக் குறிக்காது என விளக்குகிறார். அதுவரை கடற்கரைச் சிறுவர்கள் மணியோசை கேட்டு ஓடிவந்து, கைகூப்பி, தந்தையாகிய கடவுள் எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இறையியலார் இதைப் பிழை என்பர். பிழைதான். ஆயினும் அந்தப் பிழையைக் கேட்ட கடவுள் சினந்திருப்பார் என எனக்குத் தோன்றவில்லை.

கையளித்தல் என்பது என்ன என்பதைக் காஞ்சிபுரத்தில் இருப்போர் நூலைப் படித்து அறியவேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் போதும். பட்டு நெசவாளர் செறிந்து வாழும் பகுதி அது. வீட்டின் முன்பகுதியே தறிக்கூடம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் கரைநாடாவை எறிந்து கொடுக்க இன்னொருவர் வேண்டும். மனைவியோ பிள்ளையோ அந்த இடத்தில் அமர்வது வழக்கம். தந்தை பாடம் நடத்துவதில்லை. பக்கத்தில் இருந்து, பார்த்து, இழை அறுந்தால் முடிந்து, கை தானே கற்றுக்கொள்கிறது. ஒரு பாவு முடியும்போது பழைய பாவின் இழை நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று தவறினாலும் துணியில் தெரியும்.

அழகான உவமை. ஆனால் உவமையை முழுவதும் சொல்லவேண்டும். அதே காஞ்சியில் பெற்றோர் பெற்ற முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்த காலமும் இருந்தது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குப் பின்னும் அக்கொடுமை பல்லாண்டுகள் நீடித்தது. அவர்களுக்கும் தொழில் கையளிக்கப்பட்டது. கூடவே பள்ளிக்கூடம் பறிக்கப்பட்டது. இன்று அத்தெருக்களின் இளைஞர் பலர் தறியை விட்டுத் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். பெரியவர்கள் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. பிள்ளைகளின் முடிவிலும் நியாயம் உண்டு. விருப்பத்தோடு பெற்றதற்கும் வேறு வழியின்றிப் பெற்றதற்கும் உள்ள வேறுபாடு தறிக்கு மட்டும் உரியதன்று.

அச்சு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சவேரியாருக்குப்பின் அக்கடற்கரையில் அரை நூற்றாண்டு உழைத்தவர் அன்றீக்கு அடிகளார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்', 1580இல் ஒப்புரவுக்குரிய 'கொம்பெசியொனாயரு', 1586இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் பெருநூல் 'அடியார் வரலாறு' எனத் தொடர்ந்தன. இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறியது தமிழே என்று நாம் பெருமை பேசுவோம். அச்செழுத்துகளுக்கான செலவுக்குப் பரதவர் பொருள் தந்தனர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஐந்தாண்டுகள் எதை நம்புவது என்றே அறியாதிருந்த மக்களின் பிள்ளைகள், தங்கள் பிள்ளைகளுக்காக நூல் அச்சிடப் பணம் கொடுத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. 'தம்பிரான் வணக்க'த்தின் பிரதியைக் காண விரும்புவோர் இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குச் செல்லவேண்டும். படித்துப் படித்து நம்மூர்ப் பிரதிகள் கிழிந்துபோயினவோ என்று ஆறுதல் கொள்ளலாம்.

நூல் இருந்தால் போதாது. படித்துக் காட்ட ஆள் வேண்டும். உள்நாட்டில் அந்த ஆளுக்கு வேதியர் என்று பெயர். உபதேசியார் என்பாரும் உண்டு. 1606இல் தே நோபிலி மதுரையில் தொடங்கிய மறைத்தளம் விரிந்தபோது குருக்களின் தொகை அதற்கேற்ப விரியவில்லை. ஒரு குருவின் பொறுப்பில் நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் இருந்தன. ஓர் ஊருக்கு அவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் பெரிது. எஞ்சிய நாள்களில் சாகும் தறுவாயில் இருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், இறந்தோரை அடக்கியதும், ஞாயிறன்று மக்களைக் கூட்டிச் செபம் சொன்னதும், பிணக்குகளைத் தீர்த்ததும் வேதியர்தாம். காஞ்சிப் பகுதிக்கும் இது பொருந்தும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயேசு சபையார் தொடங்கிய கர்நாடக மறைத்தளத்தின் தலைவர் பூஷே அடிகளார், காஞ்சிக்கு வடக்கே தக்கோலத்தில் தங்கியிருந்தார். அங்கிருந்து பரந்த அந்நிலப்பரப்பை அவர் ஒருவராலும் ஒரு சில தோழர்களாலும் நடந்து முடித்திருக்க இயலுமா?

வேதியரின் அருமையை நன்கு உணர்ந்தவர் வீரமாமுனிவர். 1726இல் 'தேம்பாவணி'யைப் பாடி முடித்த புலவர், அடுத்து எழுதிய உரைநடை நூல்களுள் ஒன்று 'வேதியர் ஒழுக்கம்'. புலவர் சபைக்கு ஏறிய காப்பியத்தின் புகழ் இந்நூலுக்கு இல்லை. இலக்கிய வரலாறுகள் அதன் எளிய உரைநடையைப் புகழ்ந்து ஒரு வரி எழுதிவிட்டு அப்பால் செல்கின்றன. ஆனால் ஊர் ஊராய் நடந்த ஏழைப் போதகர் ஒருவர் தனித்திருக்கும்போது அவரைத் தாங்குவதற்கென்றே ஒரு பேரறிஞர் நூல் எழுதினார் என்பது எளிய செய்தியன்று. பிறருக்குக் கற்பிப்பவர் தம் ஆன்மாவைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் உயிர்க்கருத்து. 3615 பாடல்கள் கொண்ட காப்பியத்தைவிட, இந்தச் சிறு நூலே பல ஊர்களில் விசுவாசத்தைக் காத்தது என்று சொன்னால் காப்பிய அன்பர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

குரு இல்லாத திருச்சபை எப்படி இருக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்தை விடச் சிறந்த சான்று தமிழரிடையே இல்லை. 1658 சூன் திங்களில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என அறிவிக்கப்பட்டது. ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களும் பள்ளிகளுமாயின. பிறப்பும் திருமணமும் அங்கே பதிவாக வேண்டும். இல்லையேல் சொத்துரிமைக்கே இடர் வரும். எனவே மக்கள் பகலில் அங்கே சென்றனர். இரவில் கதவை அடைத்துச் செபமாலை சொல்லினர். இருமுகம் என்று இதை இகழ்வோர், வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளையும் ஈடுவைத்துத் தாம் அவ்வாறு நின்றதுண்டா எனக் கேட்டுக்கொள்வது நலம்.

இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 1658இல் பிறந்த குழந்தை 1687இல் தானே பிள்ளைகளுக்குத் தாயாகியிருக்கும். வாழ்நாளில் ஒரு குருவையும் கண்டிராத தாய். அந்த ஆண்டில் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கத்தோலிக்கர் யார் என எப்படி அறிவது? வெளிப்படையாகக் கேட்டால் அவருக்கும் ஆபத்து, அவர்களுக்கும் ஆபத்து. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டு நடந்தார் என்பது வரலாறு. அம்மாலையைக் கண்டு எந்த வீட்டார் கண் மலர்ந்தனரோ அந்த வீட்டை அவர் மனத்தில் குறித்துக்கொண்டார். முப்பதாண்டுக்காலம் யாரும் போதிக்காத மறை, அந்தக் கண்களில் இருந்தது. சில்லாலை ஊர் அவரை மறைத்து வைத்துக் காத்தது. பின்னர் அவர் கண்டிக்குச் சென்று, 1711 சனவரி 16இல் மறையும்வரை இலங்கையெங்கும் நடந்தார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரை அடையாளம் கண்டு கதவு திறந்த வீட்டாருக்குப் பீடமும் இல்லை, திருநாளும் இல்லை.

அம்மக்கள் எதைக்கொண்டு நினைவைக் காத்தார்கள்? பெரும்பகுதி பாட்டைக்கொண்டு எனலாம். ஒல்லாந்தர் வருகைக்குப் பதினோராண்டு முன்னர், 1647இல், தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் இயற்றிய 'சந்தியோகுமையோர் அம்மானை' போன்றவை மக்கள் நாவில் இருந்தன. அம்மானையைப் பாட ஆலயம் வேண்டாம், குரு வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். கேட்கப் பிள்ளைகள் இருந்தால் போதும். வாஸ் அடிகளாரும் அவர்தம் ஒரட்டோரியத் தோழர்களும் புதிதாக ஒன்றைக் கட்டவில்லை, இருந்ததை ஒழுங்குபடுத்தினர். ஊர்தோறும் மூப்பர் ஒருவர், செபம் நடத்தவும் கற்பிக்கவும் அண்ணாவியார் ஒருவர் என அமைத்தனர்.

யப்பான் நாட்டிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 1865 மார்ச் 17ஆம் நாள் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஆலயத்துக்கு உழவர் சிலர் வந்து, மரியாளின் உருவம் எங்கே எனக் குருவிடம் மெல்லக் கேட்டனர். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குருவின்றி மறைவில் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஆனால் அங்கே வேறொன்றும் நேர்ந்தது. ஓதி ஓதி வந்த செபங்களின் இலத்தீன், போர்த்துக்கீசியச் சொற்கள் பொருள் தெரியாத ஒலிகளாக உருமாறியிருந்தன. ஒரு பகுதியினர் அந்த ஒலிகளையே முன்னோர் தந்த செல்வமாகப் போற்றி, திருச்சபையோடு மீண்டும் இணைய மறுத்துவிட்டனர். நினைவு காப்பாற்றும், சிலபோது சிறையும் வைக்கும்.

தமிழகத்துக்கும் அத்தகைய சோதனை வந்தது. 1759இல் போர்த்துக்கல் அரசு இயேசு சபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773 சூலை 21இல் திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் அச்சபையையே கலைத்தார். இருந்த முதிய குருக்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். கோவாக் குருக்களும் பாரிசு மறைபரப்புச் சபையாரும் இயன்றதைச் செய்தனர், இயன்றது சிறிது. 1838இல் இயேசு சபையார் மீண்டும் மதுரைக்கு வரும்வரை, ஏறத்தாழ இரு தலைமுறைகள் பல ஊர்கள் வேதியரையும் கோயிற்பிள்ளையையும் நம்பியே இருந்தன.

அக்காலத்தில் இந்நாட்டில் முப்பத்தோராண்டுகள் பணிபுரிந்தவர் தூபுவா அடிகளார். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூலைப் பலரும் அறிவர். 1823இல் அவர் தாயகம் திரும்பியபோது இலண்டனில் இந்தியக் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய அவருடைய மடல்கள் நூலாக வெளிவந்தன. மனம் நொந்து எழுதிய நூல். இந்நாட்டில் மனமாற்றத்துக்குரிய காலம் முடிந்துவிட்டது. இருக்கும் கிறிஸ்தவமும் தேய்ந்து வருகிறது என்பது அவர் தீர்ப்பு. அவர் சோம்பேறியும் அல்லர், பொய்யரும் அல்லர். கண்ணால் கண்டதையே எழுதினார். எனினும் அடுத்த நூற்றாண்டு அவர் தீர்ப்பைப் பொய்யாக்கிற்று. ஏன்? குருவின் கண் ஆலயத்தையும் அருட்சாதனப் பதிவேட்டையும் பார்த்தது. விளக்கேற்றியபின் வீட்டில் நடந்ததை அது பார்த்திருக்க வழியில்லை. அந்நேரத்துக்குப் பதிவேடு கிடையாது.

இதனை உணர்ந்தவர்கள் அவருக்குப் பின்வந்த அவர் சபையினரே. 1844இல் புதுச்சேரியில் கூடிய மறைப்பணியாளர் மன்றம் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதையும் கல்வியையும் முதன்மையாகக் கொண்டது. அதே ஆண்டில் துப்புயி அடிகளார் மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தோற்றுவித்தார். பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதே அச்சகோதரிகளின் பணி. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. அன்று முதல் எழுத்துக் கற்ற சிறுமிகள் பாட்டிமாரானபோது, வீட்டில் செபப் புத்தகத்தை விரித்துப் படிக்க ஒருவர் இருந்தார்.

அந்தப் பாட்டியின் மொழிக்கும் இன்றைய பேரப்பிள்ளையின் மொழிக்கும் இடையே ஒரு பிளவு விழுந்திருப்பதைச் சொல்லாமல் முடிக்க இயலாது. பாட்டிக்கு அவர் சர்வேசுரன், பேரனுக்குக் கடவுள். பாட்டிக்கு இஸ்பிரீத்துசாந்து, பேரனுக்குத் தூய ஆவி. ஞானஸ்நானம் திருமுழுக்காகவும், பாவசங்கீர்த்தனம் ஒப்புரவாகவும், பூசை திருப்பலியாகவும் மாறின. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் வந்த இம்மாற்றம் வேண்டிய மாற்றமே. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைக் கையில் எடுக்கும் எவரும் அதை மறுக்கார். பொருள் விளங்காத ஒலிகளாய்ச் செபம் உறைந்துபோகாமல் இம்மாற்றம் நம்மைக் காத்தது. ஆனால் ஒரு வீட்டில் பாட்டியும் பேரனும் அருகருகே அமர்ந்து ஒரே செபத்தை இருவேறு சொற்களில் தொடங்கி, பாதியில் இருவரும் நிறுத்திவிட்ட காலமும் வந்தது. பாட்டி தன் செபம் பழையது என்று வெட்கினாள். பேரன் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கற்றதே சரி என்றான். பாடநூல் வந்தது, ஆசிரியர் வந்தார், தேர்வும் பரிசும் வந்தன. முத்துக்குளித்துறைச் சிறுவர்களைப் போல, கற்றதைப் பாட்டிக்கு எடுத்துச் செல்லும்படி அவனை யாரும் அனுப்பவில்லை. அவளிடம் போய்க் கேட்டு வரும்படியும் அனுப்பவில்லை.

2002இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கற்பட்டு மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது காஞ்சிபுரம் அதன் பகுதியாயிற்று. ஏகாம்பரநாதரும் காமாட்சியும் வரதராசரும் ஊரின் நாள்காட்டியையே வகுக்கும் நகரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிறு தொகையினர். பள்ளியிலும் தெருவிலும் தன் நம்பிக்கையைப் பகிராத நண்பர்களோடுதான் பிள்ளை வளர்கிறான். அவர்களை வெறுக்காமல் தன்னுடையதை நேசிக்க அவனுக்குக் கற்றுத்தர வேண்டும். சவேரியாரின் மணியோசை இதற்குப் போதாது. இது அண்டை வீட்டாரோடு பொங்கலும் கிறிஸ்மசுப் பலகாரமும் பகிர்ந்துகொள்ளும் தாய்மார் செய்கிற வேலை. மறைக்கல்விப் பாடத்திட்டங்களில் இதற்கென ஓர் அதிகாரம் எழுதப்படவேண்டும்.

வாஸ் அடிகளாரின் பணியைத் தொடர 1705இல் இலங்கைக்கு வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றி, 1742இல் மறைந்தார். அவர் எழுதிய 'வியாகுல பிரசங்கம்' இயேசுவின் பாடுகளை ஒன்பது பகுதிகளாக விரித்துரைப்பது. குரு வராத ஊரிலும் பெரிய வெள்ளி வெறுமையாகக் கழியக்கூடாது என்ற கவலை அந்நூலின் ஒவ்வொரு பகுதியிலும் தெரிகிறது. இன்றும் தவக்காலத்தில் இலங்கையின் வடபகுதி ஆலயங்களில் அது இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. சொற்கள் பழையவை, சர்வேசுரன் அங்கே இன்னும் சர்வேசுரனாகவே இருக்கிறார். வாசிப்பவர் பெரும்பாலும் குரு அல்லர், அந்த ஊரின் பொதுநிலையினர் ஒருவர். அவருக்கு அந்த இராகத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவருக்கு முன்னே வாசித்தவர்.